எண்ணிக்கையும் எழுத்தும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, பழைய மாணவர் பலரும் விரும்பி எழுதும் விடுதி வாழ்க்கை, விளையாட்டுப் போட்டி, ஆசிரியப் பெருமக்களின் நினைவு முதலியனவே முதலில் என் மனத்தில் எழுந்தன. அவற்றை என்னினும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். ஆதலின் யான் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். எழுதும் ஆசை கொண்ட ஒருவனை, அவ்வெழுத்தை எத்தனை பேர் பார்த்தனர் என்னும் கணக்கு எவ்வாறு அடிமை கொள்கின்றது என்பதே அப்பொருள். இதனைப் பிறர் குறையாக எடுத்துரைக்க யான் வரவில்லை. யானே சில ஆண்டுகள் அவ்வடிமைத்தனத்திற் கிடந்தவன். பட்டவன் சொல்லும் சொல் என்ற அளவிலேனும் மாணவர் இதனைச் செவிமடுத்தல் வேண்டும்.

தமிழில் வலைப்பதிவு வந்த கதை இன்றைய மாணவர் பலருக்குத் தெரியாது. ‘பிளாகர்’ என்னும் வசதி 1999 ஆம் ஆண்டில் தோன்றிற்று. 2003 இல் அதனைக் கூகிள் நிறுவனம் விலைக்கு வாங்கியது. ஏறத்தாழ அக்காலத்திலேயே தமிழர் சிலர் தத்தம் பெயரில் வலைப்பதிவுகளைத் தொடங்கினர். எவர் எங்கே எழுதுகின்றார் என்பதை அறிய வழியில்லாதிருந்த நிலையில், 2004 ஆம் ஆண்டில் காசி ஆறுமுகம் என்பார் ‘தமிழ்மணம்’ என்னும் திரட்டியை அமைத்தார். பல ஊர்களில் இருந்து எழுதப்பட்ட பதிவுகளின் தலைப்புக்களை ஓரிடத்தே தொகுத்துக் காட்டியது அது. சந்தைக்குச் சென்றவன் எல்லாக் கடைகளையும் ஒரே நோக்கிற் காண்பதைப் போல, கொழும்பிலும் கோவையிலும் தொறொன்ரோவிலும் எழுதப்பட்டவற்றை வாசகன் ஒரே பக்கத்திற் கண்டான்.

அதனால் விளைந்த நன்மையை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. பத்திராதிபரின் தயவின்றித் தன் சொல்லைத் தானே அச்சேற்றும் உரிமை எளியவனுக்கு முதன்முதலாக வாய்த்தது. போரினாற் சிதறிய நம்மவர்க்கு அது பெருந்துணையாயிற்று. எங்கள் கட்டைபறிச்சான், மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியில் உள்ள சிற்றூர். 2006 ஆம் ஆண்டு இப்பகுதி மக்கள் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் அஞ்சி ஊரைவிட்டு ஓடினர். பின்னர் சம்பூர் மக்கள் கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை ஆகிய இடங்களில் இருந்த முகாம்களில் ஆண்டுக்கணக்கில் தங்கி, 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே தம் மண்ணுக்கு மீண்டனர். இவ்வாறான செய்திகளுக்குப் பெரிய பத்திரிகைகளில் நான்கு வரி கிடைப்பதே அரிது. வலைப்பதிவில் நான்கு பக்கம் எழுதலாம், எழுதினோர் உளர். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூற்களஞ்சியமும் இவ்வூக்கம் நிலவிய காலத்திற் பிறந்ததே. எரிந்தும் கரைந்தும் போன நம் ஏடுகளுக்கு அஃது இன்று காப்பிடமாய் விளங்குகின்றது.

இனி, மறுபக்கத்தைப் பார்ப்போம். திரட்டியில் புதிய பதிவே மேலே நிற்கும். அடுத்தவர் எழுத எழுத நமது தலைப்புக் கீழே இறங்கிச் சிறிது நேரத்தில் மறைந்துவிடும். ஆனால் எவரேனும் பின்னூட்டம் இட்டால், அண்மையில் மறுமொழி பெற்றவற்றின் பட்டியலில் அது மீண்டும் தோன்றும். இதனைக் கண்டறிந்த பதிவர்கள், தம் பதிவுக்கு வந்த பின்னூட்டங்களுக்கு ஒரேயடியாக விடை கூறாது, ஒவ்வொன்றாகத் தனித்தனியே நன்றி நவின்று தலைப்பை மேலேயே நிறுத்தக் கற்றுக்கொண்டனர். இதற்கென ஓர் உயரெல்லை வகுக்கவேண்டிய நிலையும் திரட்டிக்கு ஏற்பட்டது. ‘சூடான இடுகைகள்’ என்றொரு பட்டியல். வாரந்தோறும் ‘நட்சத்திரப் பதிவர்’ என்றொரு சிறப்பு. வாசகர் பரிந்துரை என்னும் வாக்கு. நீ எனக்கு வாக்களித்தால் யான் உனக்கு வாக்களிப்பேன் என்னும் உடன்பாட்டுக்குப் பதிவர்களே ‘மொய்’ என்று பெயர் வைத்தனர். கல்யாண வீட்டு மொய்யை எழுதி வைத்துத் திருப்பிச் செய்யும் வழக்கத்தை அறிந்தவர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். பதிவை வாசிக்காமலே, முதலில் வந்தவன் யானே என்று அறிவிப்பதற்காக மட்டும் பின்னூட்டம் இட்டுச் சென்றோரும் பலர். நகைச்சுவையாகத் தொடங்கிய இவையெல்லாம் மெல்ல மெல்ல எழுத்தின் நோக்கத்தையே மாற்றின.

யான் 2009 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு வலைப்பதிவைத் தொடங்கினேன். முதற் பதிவு முகாம் வாழ்க்கை பற்றியது. மூன்று இரவுகள் விழித்து எழுதினேன். வருகைக் கணக்கைக் காட்டும் சிறு பெட்டி ஒன்று பக்கத்தின் ஓரத்தில் இருந்தது. ஒரு வாரத்தின் பின் அது பதினொன்று என்று காட்டியது. அப்பதினொன்றில் நான்கு யானே திறந்து பார்த்தவை. இரண்டாம் பதிவு, அப்பொழுது வெளிவந்திருந்த தமிழ்நாட்டுத் திரைப்படம் ஒன்றைப் பற்றியது. அரை மணி நேரத்தில் எழுதியது. படத்தையும் முழுவதும் பார்த்தேனில்லை. சற்றுக் கடுமையாக ஏசியிருந்தேன். விடிவதற்குள் எண்ணூறு பேர் வந்துவிட்டனர். என்னைத் திட்டியோர் முப்பதின்மர், புகழ்ந்தோர் இருபதின்மர். அன்று காலை பாடசாலைக்குச் சைக்கிளிற் சென்றபோது எனக்கிருந்த களிப்பை இன்று நினைத்தால் நாணமாக இருக்கின்றது.

அன்று கற்ற பாடத்தைப் பின்னர் நாள்தோறும் கடைப்பிடித்தேன். எதனை எழுதினால் வருகை கூடும் என்று மட்டுமே சிந்தித்தேன். தலைப்பில் ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக எழுதினேன். நண்பர்களின் எழுத்தை வாசிக்காமலே ‘அருமை’ என்று எழுதிவிட்டு, அவர்கள் திருப்பி எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். பாட இடைவேளைகளில் கைத்தொலைபேசியை எடுத்துக் கணக்கைப் பார்ப்பேன். சாமத்தில் விழிப்பு வந்தாலும் பார்ப்பேன். முந்நூறு வந்த நாளில் ஐந்நூறு வரவில்லையே என்று வருந்தினேன். ஐந்நூறு வந்த நாளில் மற்றொருவனுக்கு ஆயிரம் வந்ததைக் கண்டு எரிந்தேன். வீட்டில் மனைவி இரண்டு முறை கேட்ட கேள்விக்கு மூன்றாம் முறையே விடை சொல்லுவேன். திருத்தவேண்டிய அப்பியாசக் கொப்பிகள் மேசையிற் குவிந்து கிடந்தன. ஒருநாள் பத்தாந் தர மாணவி ஒருத்தி எழுந்து நின்று, “சேர், உங்கட பதிவை நேற்று வாசிச்சனான். எங்கட கட்டுரைகளை எப்ப திருத்தித் தருவீங்கள்?” என்று கேட்டாள். அவள் என்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். அதனாலேயே அது மிகவும் சுட்டது.

எனினும் அச்சூடும் என்னைத் திருத்தவில்லை. திருத்தியது வேறொன்று.

எங்கள் அயலில் முதியவர் ஒருவர் இருந்தார். ஊரார் அவரை ‘அப்பு’ என்றே அழைப்பர். இளமையில் வயல்வெளிகளிற் சூடு மிதித்தவர். உழவு இயந்திரமும் பின்னர் அறுவடை இயந்திரமும் வருவதற்கு முன்னர், களவெட்டியில் இரவிரவாக மாடுகளை வளைத்து நடத்திச் சூடு மிதிப்பர். அப்பொழுது பொலி பாடுவர். அப்பாடல்கள் அவருக்கு நிரம்பத் தெரியும். களத்தில் வழங்கிய தனிச்சொற்களும் தெரியும். வீட்டிற் சொல்லும் பெயரால் ஒரு பொருளைக் களத்திற் சொல்லலாகாது என்று அவர் விளக்குவார். தொடக்கத்தில் ஒரு மாலை அவரிடம் சென்று இரண்டு பாடல்களை எழுதிவந்து பதிவில் இட்டேன். வாசித்தோர் ஒன்பதின்மர். பின்னூட்டம் ஒன்றும் இல்லை. “தம்பி, மிச்சத்தையும் எழுத எப்ப வாறீங்கள்?” என்று வழியிற் காணும்போதெல்லாம் அவர் கேட்பார். “வாற கிழமை வாறன் அப்பு” என்பேன். ஒன்பது பேருக்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவதா என்று என் மனம் கணக்குப் பார்த்தது. இவ்வாறு ஒன்றரை ஆண்டு கழிந்தது. ஒருநாள் அவர் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது.

அவர் பாடிய இரண்டு பாடல்கள் என்னிடம் உள்ளன. ஏனையவற்றை அறிந்தார் எவரும் இன்று எங்கள் ஊரில் இலர். அந்த ஒன்றரை ஆண்டில் யான் எழுதிய பதிவுகள் இருநூறுக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஒன்றையேனும் இன்று எவரும் தேடி வாசிப்பதில்லை, யானும் வாசிப்பதில்லை. ஆயிரக்கணக்கில் வந்து சென்றோருள் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் யான் கொடுத்தது எது, பெற்றது எது என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

இத்தகைய மயக்கத்துக்கு மனவுறுதி இன்மை மட்டுமே காரணம் என்று கருதுதல் தவறு. அமெரிக்க உளவியலறிஞர் பி. எப். ஸ்கின்னர் புறாக்களைக் கூட்டில் வைத்துப் பல சோதனைகள் செய்தார்; பெர்ஸ்டர் என்பவரோடு சேர்ந்து அவற்றின் முடிவுகளை 1957 இல் நூலாக வெளியிட்டார். கொத்துந்தோறும் தானியம் விழுமாயின், அது நின்றதும் புறாவும் விரைவில் நிறுத்திவிடும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று அறிய முடியாதவாறு சில வேளைகளில் மட்டும் விழுமாயின், அது ஓயாது கொத்திக்கொண்டேயிருக்கும். சூதாடி எழுந்திருக்க மாட்டாமைக்கும் இதுவே காரணம். எந்தப் பதிவுக்கு எண்ணூறு வரும், எதற்கு ஒன்பது வரும் என்று தெரியாமையே என்னையும் கொத்த வைத்தது. முகநூல் 2009 ஆம் ஆண்டு விருப்பக்குறியைக் கொண்டுவந்த பின்னர், பதிவர் பலர் வலைப்பதிவைக் கைவிட்டு அங்கே குடிபெயர்ந்தனர். அந்நிறுவனத்தின் முதற் தலைவராயிருந்த ஷான் பார்க்கர், மனித உள்ளத்தின் பலவீனம் ஒன்றைத் தெரிந்தே பயன்படுத்தி அதனை அமைத்ததாக 2017 இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பொறியைச் செய்தவனே பொறி என்று கூறிய பின்னரும் நாம் அதனைப் பூந்தோட்டம் என்று கருதுவது அறிவுடைமையாகுமா?

இங்கே ஒரு தடை எழும். வாசகரை விரும்பாத எழுத்தாளன் உண்டோ? யாரும் வாசிக்க வேண்டாமெனின் எழுதுவதேன்? இத்தடை நியாயமானதே. டொமினிக் ஜீவா 1966 இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார், 2012 வரை அதனை நடத்தினார். யாழ்ப்பாணத் தெருக்களில் இதழ்களைக் கையிலே கொண்டு சென்று தாமே விற்றார். தமிழ்நாட்டிலே சி. சு. செல்லப்பா 1959 இல் ‘எழுத்து’ என்னும் இதழைத் தொடங்கினார்; தம் வெளியீடுகளைத் தோளிலே சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றார். வாசகரைத் தேடுவதில் இவர்களை விஞ்சியவர் யார்? ஆயினும் இவர்கள் தேடியதற்கும் யான் தேடியதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. தாம் நல்லதெனக் கருதியதை முதலில் ஆக்கினர். பின்னர் அதற்குரிய வாசகரைத் தேடிச் சென்றனர். யானோ வாசகர் கூட்டம் எங்கே நிற்கின்றது என்று முதலிற் பார்த்தேன். பின்னர் அக்கூட்டத்துக்கு ஏற்பச் சரக்கைச் செய்தேன். ஜீவாவுக்குத் தம் வாசகரின் முகம் தெரியும். வாங்கியவரோடு நின்று பேசுவார். வாங்க மறுத்தவரையும் அறிவார். எனக்குத் தெரிந்தது ஓர் எண் மட்டுமே. வாசகன் வேறு, வாசகர் தொகை வேறு. முன்னவன் நமக்கு மறுமொழி கூறித் திருத்துவான். பின்னது நம்மை இழுத்துச் செல்லும்.

எங்கள் மூதூர் தந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினத்தை இவ்விடத்தில் நினைத்தல் தகும். 1925 இற் பிறந்த அவர், ஆசிரியத் தொழில் செய்துகொண்டே கதை எழுதியவர். அவருடைய ‘தோணி’ என்னும் சிறுகதைத் தொகுதி 1962 இல் வெளிவந்தது. அலைகளோடு வாழும் கொட்டியாரக் குடாவின் எளிய மக்களை அறியாதவன் அத்தகைய கதைகளை எழுதியிருத்தல் இயலாது. அவர் காலத்தில், எழுதிய கதையை எத்தனை பேர் வாசித்தனர் என்பதை நாழிகைதோறும் காட்டும் கருவி இருந்திருப்பின், அவர் அக்கரையின் மக்களை நோக்கிக் கொண்டிருந்திருப்பாரா, கருவியை நோக்கிக் கொண்டிருந்திருப்பாரா என்று யான் சில வேளைகளில் எண்ணுவதுண்டு.

அதே குடாவின் கரையில் 1660 இல் சிறைப்பட்டவன் ஆங்கிலேய மாலுமியாகிய றொபேட் நொக்ஸ். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் கைதியாக உழன்று, தப்பிச் சென்ற பின்னர், 1681 இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டான். அத்தனை ஆண்டும் அவன் கண்டவற்றுக்கு வாசகர் ஒருவரும் இலர். கண்டதும் கேட்டதும் உள்ளே ஊறிக் கிடந்தன. நூற்றாண்டுகள் கடந்தும் அந்நூல் அக்கால இலங்கையை அறிய விரும்புவோர்க்கு வேண்டப்படுகின்றது. காலையிற் கண்டதை நண்பகலில் எழுதி மாலையில் மறந்துவிடும் நமக்கு, ஊறவிடுதல் என்பது என்னவென்று அவன் கற்பிக்கின்றான். திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் பணியாற்றிய விபுலாநந்த அடிகளாரின் ‘யாழ் நூல்’ 1947 இல் அரங்கேறியது. பல்லாண்டு ஆராய்ச்சியின் விளைவு அது. அரங்கேறிய அடுத்த மாதத்திலேயே அடிகளார் மறைந்தார். எத்தனை பேர் வாசித்தனர் என்று எண்ணிப் பார்க்க அவருக்குக் காலமும் இல்லை, நோக்கமும் இல்லை.

தமிழாசிரியன் என்னும் முறையில் இன்னும் ஒன்று கூறுவேன். திருக்குறளின் இருபத்து நான்காம் அதிகாரம் ‘புகழ்’. இல்லறவியலின் இறுதி அதிகாரம் அதுவே. வள்ளுவர் புகழை வெறுத்தாரல்லர். ஆனால் அதற்கு முன்னே அவர் வைத்த அதிகாரம் யாது? ‘ஈகை’. கொடுத்தவனுக்குப் பின்னால் வருவது புகழ் என்னும் பொருள் அவ்வைப்பு முறையிலேயே விளங்குகின்றது. ஒன்றும் கொடாமல் புகழை மட்டும் வேண்டுதல், விதையாமல் அறுக்கப் போதல் போலாம். எழுத்தாளன் கொடுக்கக் கூடியது யாது? தான் கண்டது, தான் கற்றது, தன் ஊரில் உள்ளது. அதனைக் கொடாதிருந்து, ஊரெல்லாம் பேசும் பேச்சையே தானும் பேசிப் பெற்ற வருகை புகழாகாது; இரைச்சலில் ஒரு பங்கேயாகும்.

ஆகவே மாணவர்களை எழுத வேண்டாம் என்றோ, இணையத்தைத் தொடவேண்டாம் என்றோ யான் கூறவில்லை. அவ்வாறு கூறினும் நீங்கள் கேட்கப் போவதில்லை. இன்று நீங்கள் முகநூலையும் கடந்து யூடியூப்பிலும் டிக்டொக்கிலும் நிற்கின்றீர்கள். பெயர் மாறினாலும் பெட்டியிற் காட்டும் எண் அதுவே. இன்ஸ்டகிராம் நிறுவனம் விருப்பக் கணக்கைப் பிறர் காணாது மறைத்துப் பார்க்கும் சோதனையை 2019 இல் தொடங்கி, 2021 இல் மறைப்பதும் காட்டுவதும் அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டது. அவ்விருப்பம் உங்கள் கையில் உள்ளது, மறைத்துவிடுங்கள். எழுதியதை ஓர் இரவேனும் உறங்க விடுங்கள். காலையில் வாசித்துப் பாருங்கள். வாசிக்காத ஒன்றைப் புகழாதீர்கள். திறந்து பார்க்கும் ஆசை எழும்போது, உங்களுக்குத் தெரிந்த ஒரேயொரு வாசகரின் முகத்தை நினைத்து, இது அவருக்குப் பயன்படுமா என்று கேளுங்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கும் கடமை உண்டு. மாணவன் எழுதியதைப் பொறுமையாக வாசித்துத் திருத்தித் தரும் ஒருவர் பாடசாலையில் இருந்தால், அறியாத ஆயிரம் பேரின் கைதட்டலை அவன் தேடி அலையமாட்டான். முன்னர் வகுப்புத்தோறும் கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. ஒரு பிரதியே எழுதப்படும். முப்பது பேர் வாசிப்பர். முப்பதின்மரும் ஆசிரியனுக்குத் தெரிந்தவர். அதனை மீண்டும் தொடங்குதல் வேண்டும். பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நம் மாவட்டத்தின் முதியோரிடத்தே எஞ்சியுள்ள பாடல்களையும் தொழிற்சொற்களையும் ஒலிப்பதிவு செய்து, எழுத்திலும் பதித்து, நூலகம் போன்ற களஞ்சியங்களிற் சேர்க்கும் பணிக்கு மாணவர் சிலரை ஊக்குவிக்குமாறு வேண்டுகின்றேன். கருவி அவர்களின் சட்டைப்பைகளில் ஏற்கெனவே இருக்கின்றது. அக்கருவியே என்னை அப்புவிடமிருந்து பிரித்தது. அதனையே அவர்கள் முதியோரிடம் எடுத்துச் செல்லட்டும்.

எனது வலைப்பதிவை யான் அழித்துவிடவில்லை. வருகைக் கணக்கை மட்டும் நீக்கிவிட்டேன். ஆண்டுக்கு நான்கைந்து முறை எழுதுகின்றேன். அப்புவின் இரண்டு பாடல்களும் அங்கே உள்ளன. அண்மையில் வெளிநாட்டில் வாழும் ஒருவர், தம் பாட்டனார் களத்திற் பாடியதாகத் தாம் சிறுவயதிற் கேட்ட சொற்கள் அப்பாடலில் இருப்பதாகவும், அவற்றைத் தம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியதாகவும் எழுதியிருந்தார். எஞ்சிய பாடல்களையும் தருமாறு கேட்டிருந்தார். அவருக்கு யான் உண்மையையே எழுதினேன்.

இக்கட்டுரையை எத்தனை பேர் வாசிப்பர் என்பதை அறிய இம்மலரில் வழியில்லை. அதுவே நன்று. மாணவன் ஒருவன் இதனை வாசித்து முடித்து, மாலையிற் தன் வீட்டு முதியவர் அருகில் ஒரு கொப்பியோடு அமர்வானாயின், யான் எழுதியதன் பயனை அடைந்தவனாவேன். விழாக் காணும் கல்லூரி நீடு வாழ்க!